சீசரின் படை தங்கிய ஊர்... பனி ஏரி புரட்டிப்போட்ட ஊர்: ஆல்ப்ஸ் மலையில் மார்ட்டின்யியின் 2,000 ஆண்டுக் கதை

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில் வாலே மாகாணம் இருக்கிறது. அங்கே மேற்கு நோக்கி ஓடிவரும் ரோன் நதி, ஓரிடத்தில் முழங்கை மடக்கியது போல வடக்கே திரும்பி ஜெனீவா ஏரிக்குப் போகிறது. அந்த வளைவில் இருக்கும் ஊர்தான் மார்ட்டின்யி. ரோமானியர் காலத்தில் இருந்தே மனிதர்கள் விடாமல் பிடித்து வைத்திருக்கும் இடம் இது. ஆனால், ஊரை வாழவைத்த அதே அமைப்புதான் பலமுறை அதை மூழ்கடித்தும் இருக்கிறது.

இந்த இடத்துக்கு ஏன் இவ்வளவு போட்டி?

காரணம், கணவாய். மார்ட்டின்யியில் இருந்து தெற்கே ஏறினால் 2,469 மீட்டர் உயரத்தில் கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய் வரும். அதைத் தாண்டினால் இத்தாலி. அதனால், அந்தப் பாதையில் போகும் வியாபாரிக்கும் படைக்கும் இந்த ஊர்தான் வாசல்படி.

கி.மு. 57-ல் ஜூலியஸ் சீசர் தனது தளபதி செர்வியஸ் கல்பாவை இங்கே அனுப்பினார். வியாபாரிகள் ஆபத்தில்லாமல், பெரிய சுங்கம் கட்டாமல் மலையைக் கடக்க வழி ஏற்படுத்துவதுதான் நோக்கம். அப்போது ஊரின் பெயர் ஆக்டோடுரஸ். ஊரை ஆறு இரண்டாகப் பிரித்தது. ஒரு பக்கத்தை உள்ளூர் மக்களுக்கு விட்டுவிட்டு, மறுபக்கத்தில் கல்பா முகாம் போட்டார். சில நாட்களிலேயே சுற்றியிருந்த மலைகளில் இருந்து மக்கள் திரண்டு வந்து தாக்கினார்கள். ஆறு மணி நேரத்துக்கும் மேல் சண்டை நடந்தது. முற்றுகையை உடைத்து வென்றாலும், மறுநாளே ஊருக்குத் தீ வைத்துவிட்டு ரோமானியப் படை கிளம்பிவிட்டது.

ஆனால் ரோம் விடவில்லை. சுமார் 100 ஆண்டுகள் கழித்து, பேரரசர் கிளாடியஸ் காலத்தில் இங்கே புது நகரம் எழுந்தது. சந்தை, கோயில், குளியல் கூடம் எல்லாம் வந்தன. சுமார் 5,000 பேர் உட்காரக்கூடிய வட்டரங்கமும் கட்டப்பட்டது. சீரமைக்கப்பட்ட அந்த அரங்கில் இன்று மாடுகள் மோதும் போட்டி நடக்கிறது. கொம்போடு கொம்பு முட்டி, பின்வாங்காமல் நிற்கும் பசுதான் ‘ராணி’.

சரி, ஆபத்து எங்கிருந்து வந்தது?

ஊருக்குள் ஓடும் த்ரான்ஸ் ஆற்றில் இருந்து. அது மலை மேலே பனிப்பாறைகளுக்கு நடுவில் பிறக்கிறது. அங்கே ஜியெத்ரோ என்றொரு பனிப்பாறை, செங்குத்தான சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் இருந்து உடைந்து விழும் பனிக்கட்டிகள் கீழே குறுகிய பள்ளத்தாக்கில் குவியும். குவியல் பெரிதானால் ஆறு அடைபடும், பின்னால் ஏரி உருவாகும். பனிச்சுவர் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் கேள்வி. 1595-ல் அது தாங்கவில்லை. அந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1815-ல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அந்த வெடிப்பின் விளைவால் 1816-ல் ஐரோப்பாவில் கோடைக்காலமே இல்லாமல் போனது. பனிப்பாறைகள் வளர்ந்தன. 1818 வசந்தத்தில் த்ரான்ஸ் மறுபடியும் அடைபட்டு, பெரிய ஏரி தேங்கிவிட்டது.

தடுக்க முயற்சி நடந்ததா?

நடந்தது. மாகாணப் பொறியாளர் இக்னாஸ் வெனெட்ஸ் யோசனை எளிமையானது: நீர்மட்டத்துக்கு மேலே பனிச்சுவரில் சுரங்கம் வெட்ட வேண்டும். நீர் அந்த உயரத்தைத் தொட்டதும் அதன் வழியாக வெளியேறும், ஓடும் நீரே பனியை அரித்து வழியை ஆழமாக்கும். தலைக்கு மேலே எந்நேரமும் பனி விழலாம் என்ற நிலையில், தொழிலாளர்கள் ஒரு மாதம் இரவு பகலாக வெட்டினார்கள்.

திட்டம் வேலை செய்தது, பாதி தூரம் வரை. ஏரியின் சுமார் மூன்றில் ஒரு பங்கு நீர் வடிந்தது. ஜூன் 16 மாலை, அரிக்கப்பட்ட சுவர் உடைந்தது. சுமார் 2 கோடி கன மீட்டர் நீர் அரை மணி நேரத்தில் கொட்டியது. மரம், பாறை, வீடு எல்லாவற்றையும் உருட்டிக்கொண்டு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் மார்ட்டின்யியை அடைந்தது. சுமார் 40 பேர் உயிரிழந்தார்கள். வெனெட்ஸ் முன்கூட்டியே வடித்திருக்காவிட்டால் வெள்ளம் இன்னும் பெரிதாக இருந்திருக்கும்.

அந்த வெள்ளம் அறிவியலுக்கு என்ன தந்தது?

அந்தப் பள்ளத்தாக்கில் ழான்-பியர் பெரோதான் என்ற வேட்டைக்காரர் இருந்தார். ‘ஒரு காலத்தில் இந்தப் பனிப்பாறை மார்ட்டின்யி வரைக்கும் இருந்திருக்கு’ என்பது அவர் வாதம். பாறைகளில் இருந்த கீறல்களும், சம்பந்தமே இல்லாத இடத்தில் கிடந்த பெரிய கற்களும்தான் அவரிடம் இருந்த ஆதாரம். 1815-ல் சுரங்கத்துறை நிபுணர் ஷார்பான்டியே அதைக் கேட்டார், நம்பவில்லை. பனியோடு போராடிய வெனெட்ஸ் காதில் அது ஏறியது. அவர் ஆதாரம் திரட்டினார், பின்னர் ஷார்பான்டியேவும் மனம் மாறினார். அவர்களிடம் இருந்து லூயி அகாசிக்குப் போன கருத்து, 1837-ல் ‘பனியுகம்’ என்ற கோட்பாடாக உலகின் முன் வந்தது.

இன்று ஆபத்து தீர்ந்துவிட்டதா?

ஆபத்தின் வடிவம் மாறியிருக்கிறது. அன்று பனி வளர்ந்ததால் பிரச்சினை, இன்று உருகுவதால். 2022, 2023 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுவிஸ் பனிப்பாறைகள் தங்கள் கன அளவில் சுமார் 10 சதவீதத்தை இழந்தன. 2025 மே 28-ல் இதே வாலே மாகாணத்தில் பிளாட்டன் கிராமத்தின் பெரும்பகுதி பனி, பாறைச் சரிவில் புதைந்தது. மலை அசைவதைக் கருவிகள் முன்பே காட்டியதால் சுமார் 300 பேர் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் உயிரிழந்தார்.

1818-ல் ஏரி தேங்கிய அதே பள்ளத்தாக்கில் இப்போது 250 மீட்டர் உயர மோவ்வாசான் அணை நிற்கிறது. அன்று உடைந்து வந்ததைப் போல சுமார் பத்து மடங்கு நீரை அது பிடித்து வைத்து மின்சாரம் தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் புதன்கிழமை சுவிட்சர்லாந்து முழுவதும் அபாயச் சங்குகளை ஒலிக்கவிட்டுச் சோதிப்பார்கள். இப்படிப்பட்ட அணைகளுக்குக் கீழே உள்ள ஊர்களில் அன்று கூடுதலாக இன்னொரு சங்கும் ஒலிக்கும். அது வெள்ளத்துக்கான சங்கு.