செம்மண் ஓடும் ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு பாடம்

மழை கொட்டினால் பொம்மையார்பாளையத்து ஓடைகளில் தண்ணீர் செம்மண் குழம்பாகத்தான் கடலுக்குப் போகும். மேற்கே மேட்டு நிலம், கிழக்கே கடல். மேட்டில் வேர்க்கடலையும் முந்திரியும் சவுக்கும் வைத்தவர்களின் மேல்மண் அது. மண் அரிப்பு என்றால் என்ன என்று கேட்டால் பிள்ளைகள் ஒப்பித்து விடுவார்கள். ‘நம்ம கொல்லையில் அதை எப்படி நிறுத்துவாய்?’ என்றால்தான் முழிப்பார்கள்.

இந்த இரண்டாவது கேள்விக்குப் பிள்ளைகளைப் பழக்குவதற்குப் ‘பொறியியல் வடிவமைப்பு முறை’ என்று பெயர். பெயர்தான் பெரிது. பிரச்னையைக் கூர்ந்து பார்த்து, அளந்து, பாதிக்கப்படுகிறவரிடமே கேட்டு, நாலைந்து யோசனை எழுத வேண்டும். அதில் ஒன்றைக் கையில் கிடைத்ததை வைத்துச் செய்து, சோதித்து, தப்பைத் திருத்தி மறுபடி செய்ய வேண்டும்.

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர், இஸ்திரி போடுகிறவர் எரிந்த கரியைத் தெருவோரம் கொட்டுவதைப் பார்த்துத்தான் யோசிக்கத் தொடங்கினார். கூரையில் சோலார் பேனல் வைத்த இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். நல்ல வெயிலில் 5 மணி நேரம் பேட்டரி ஏறினால் 6 மணி நேரம் வேலை செய்யலாம் என்பது கணக்கு. மேகமூட்டமான நாளில் என்ன செய்வது? அதற்கு மின்சாரத்திலும் ஓடும்படி வழி வைத்தார். 2020-ல் சுவீடனின் குழந்தைகள் பருவநிலை விருது கிடைத்தது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ பருவநிலை மாநாட்டில் பேசினார்.

செம்மண்ணுக்கு வருவோம். மூன்று பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களை நீளவாக்கில் வெட்டி, ஒரே அளவு மண் நிரப்புங்கள். ஒன்று வெறும் மண், ஒன்றில் சருகு மூடாக்கு, ஒன்றில் குறுக்கே சின்ன வரப்பு. மூன்றுக்கும் ஒரே சரிவு, பூவாளியில் ஒரே அளவு தண்ணீர். வடியும் தண்ணீரை டம்ளரில் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் அடியில் வண்டல் தங்கும். ஸ்கேல் வைத்து அளந்து, நோட்டில் குறிக்கட்டும்.

பிறகு கொல்லை மூலையில் நிஜ வரப்பு. முதல் கனமழையில் அது உடையக்கூடும். பெரியவர்கள் ஓடிப் போய்ச் சரி செய்யக் கூடாது. ஏன் உடைந்தது என்று பிள்ளையே பார்க்கட்டும். மிஞ்சும் தண்ணீருக்கு வழி விடவில்லை என்று தெரியும். ஏரிக்குக் கலங்கல் எதற்கு வைத்தார்கள் என்பது அன்றைக்குப் புரியும்.

மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உப்பளமே பாடம். உப்பு நீரில் நின்று புண்ணாகும் கால், கண்ணைக் கூசும் வெள்ளை வெயில் என்று பிரச்னைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாத்தியில் நிற்கிற அம்மாவைக் கேட்காமல் செய்த காலுறை, எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டு மூலையில்தான் கிடக்கும். கண்காட்சியில் கடையில் வாங்கிய தெர்மாகோல் மாதிரிக்குப் பரிசு கொடுக்கும் பழக்கமும் போக வேண்டும்.

யோசனை தேறினால் மத்திய அரசின் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டம் இருக்கிறது. தேர்வாகும் மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வரும். பள்ளி வழியாகத்தான் பதிய முடியும் என்பதால், தலைமை ஆசிரியரைப் பார்த்து இந்த ஆண்டுக்கான கடைசி நாளை முதலில் கேட்டுக் கொள்ளுங்கள்.