பாஸ்பேட் பேட்டரி வாங்குகிறவர்கள் கேட்டுப் பெற வேண்டியவை

மின்சார ஸ்கூட்டருக்கோ வீட்டு இன்வெர்ட்டருக்கோ லித்தியம் பேட்டரி வாங்கியவர்கள், "இது பாஸ்பேட், தீப்பிடிக்காது என்று கடைக்காரரே சொல்லிவிட்டார்" என்று பூரண நம்பிக்கையோடு பேசுவதைத் தொடர்ந்து கேட்டு வருகிறேன். ரசீது எங்கே என்றால் வெற்றுத் துண்டுச் சீட்டைக் காட்டுகிறார்கள். சார்ஜரைப் பற்றிக் கேட்டால், பழையது கெட்டுப்போனதால் மெக்கானிக் கொடுத்த வேறொன்று என்கிறார்கள்.

அந்த நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழுவினர் 1997-இல் வெளியிட்ட ஆய்வின் வழியே அறிமுகமான லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில், பாஸ்பரஸும் ஆக்சிஜனும் மிக இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், நிக்கல், கோபால்ட் கலந்த ஆக்சைடுகளைப் போல அது உஷ்ணத்தில் எளிதில் ஆக்சிஜனை வெளியேற்றித் தீயை வளர்ப்பதில்லை. ஆனால் இந்தக் குணம் பாஸ்பேட்டாலான நேர்மின்வாய்க்கு மட்டுமே உரியது. செல்லுக்குள் இருக்கும் திரவம் இதிலும் எரியக்கூடியதே. செல் கெட்டுச் சூடேறினால் வெளிவரும் வாயுவில் ஹைட்ரஜன் கணிசமாக இருப்பதால், மூடிய அறையில் அது தேங்கி வெடிக்கவும் கூடும்.

அபாயம் சார்ஜர் வழியாகவும் வரக்கூடும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். "48 வோல்ட்" என்று ஒரே பெயரில் விற்கப்படும் இரண்டு பேட்டரிகளில், பாஸ்பேட் வகையில் சாதாரணமாக 16 செல்கள் வரிசையாக இருக்கும். செல் ஒன்றுக்கு 3.65 வோல்ட் வீதம் முழுச் சார்ஜில் 58.4 வோல்ட். நிக்கல் வகையில் 13 செல்கள். செல் ஒன்றுக்கு 4.2 வீதம் 54.6 வோல்ட். பாஸ்பேட்டுக்குரிய சார்ஜரை நிக்கல் பேட்டரியில் மாட்டினால் ஒவ்வொரு செல்லும் ஏறக்குறைய 4.5 வோல்ட் வரை தள்ளப்படும். அப்போது விபத்தைத் தடுத்து நிற்பது பி.எம்.எஸ். என்னும் சிறிய பாதுகாப்புச் சுற்று ஒன்றுதான். மலிவான பேட்டரியில் அதன் தரத்துக்கு யார் ஜவாப்தாரி? ஆகவே சார்ஜரின் முதுகில் "அவுட்புட்" என்ற சொல்லுக்கு எதிரே அச்சிட்டிருக்கும் வோல்ட் எண்ணையும், பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் சார்ஜ் வோல்ட் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முனை பொருந்துகிறது என்பதற்காகச் சார்ஜர் பொருந்திவிட்டதாக எண்ணாதீர்கள்.

2022-இல் மின்சார ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு, அவற்றின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 விதிகள் இரண்டு கட்டங்களாகக் கடுமையாக்கப்பட்டன. அந்த விதிகளின்படி புது வண்டிக்கு ஒப்புதல் வழங்குவதோடு தம் கடமை தீர்ந்ததாகக் கருதும் அதிகாரிகள், தெருக்கடைகளில் பழைய செல்களைக் கோத்து மாற்றுப் பேட்டரி விற்பதை ஏறிட்டும் பார்ப்பதில்லை. எனவே காகிதமே உங்களுக்குக் காவல். ரசீதில் பேட்டரியின் ரசாயன வகை, வோல்ட், ஆம்பியர்-மணி, வரிசை எண், உத்தரவாதக் காலம், விற்பவரின் ஜி.எஸ்.டி. எண் ஆகியவை எழுதப்பட வேண்டும். உடன் தரும் சார்ஜரின் மாடலையும் எழுதச் சொல்லுங்கள். ரசீது தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடவடிக்கை என்பதைத் தயங்காமல் எடுத்துச் சொல்லுங்கள்.

தீ மூண்டுவிட்டால் புகையைச் சுவாசிக்காமல் எல்லோரும் வெளியேறி 101-ஐ அழையுங்கள். பேட்டரியைத் தூக்கி வெளியே எறியும் வீரம் வேண்டாம். பிறகு தீயணைப்பு நிலையத்தில் தீவிபத்துச் சான்று, காவல் நிலையத்தில் புகார் மனுவுக்குரிய சி.எஸ்.ஆர். ரசீது, காப்பீடு இருந்தால் அதன் நிறுவனத்துக்கு அன்றே எழுத்து மூலம் தகவல் என்று மூன்றையும் முடித்துவிடுங்கள். எரிந்த பேட்டரியை, "பரிசோதித்துத் தருகிறோம்" என்று கேட்கும் விற்பனையாளரிடம் கொடுத்துவிடாதீர்கள். பலர் தம் வழக்கை இழப்பது இந்த இடத்தில்தான். பொருளின் மாதிரியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் நுகர்வோர் ஆணையத்துக்கு உண்டு. பொருளே கையில் இல்லாவிட்டால் எதை அனுப்புவது? உத்தரவாதத்துக்காகக் கொடுத்தே தீர வேண்டுமானால், படம் எடுத்துக்கொண்டு, வரிசை எண்ணைக் குறித்த ஒப்புகைச் சீட்டில் கையெழுத்து வாங்கிய பின்னரே கொடுங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். அதில் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே மனுச் செய்யலாம். விற்றவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி இணையதளத்திலும் மனுவைப் பதியலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இந்தக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் அநேகர். மீண்டும் சொல்கிறேன்: 2 ஆண்டு.

கெட்டுப்போன, உப்பிய பாஸ்பேட் பேட்டரியில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லாததால் காயலான் கடையில் நல்ல விலை கிடைப்பதில்லை. அதனால் அது குப்பைத் தொட்டிக்குப் போய், குப்பை லாரியில் நசுங்கித் தீப்பற்ற நேரிடுகிறது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அதை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், சேகரிப்பவரிடமோ மறுசுழற்சி செய்பவரிடமோ ஒப்படைப்பது நம் கடமை; திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு வழிசெய்யும் பொறுப்பு உற்பத்தியாளருடையது. அந்தப் பொறுப்பை அவர் தட்டிக்கழித்தால் தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, அதன் நகலில் தேதி முத்திரை போட்டு வாங்கி வாருங்கள்.