மூட்டு நோவுக்கு நடையும் ஒரு மருந்து

உடம்பில் எங்கேனும் நோவு கண்டால் ஓய்ந்து படுத்திருக்கும்படி சொல்வது நம்மவர் வீடுகளில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். அன்பினாற் சொல்லப்படும் அச்சொல் எல்லா நோவுக்கும் பொருந்துமா என்று எவரும் ஆராய்வதில்லை. நாமும் ஆராய்ந்ததில்லை. எமது தமக்கையார் பட்ட பாட்டைக் கண்ட பின்னரே ஆராயத் தலைப்பட்டோம்.

2021ஆம் ஆண்டில் அவருக்கு மார்புப் புற்றுநோய் கண்டது. இலங்கை மாதரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் நல்லபடி முடிந்தன. அதன்பின், நாளொன்றுக்கு ஒரு குளிகை வீதம் ஐந்து வருடம் விழுங்குமாறு வைத்தியர் எழுதிக் கொடுத்தார். பெருந்துன்பமெல்லாம் கடந்தாயிற்று, இனி ஒரு சிறு குளிகைதானே என்று வீட்டார் அனைவரும் மகிழ்ந்தோம்.

இரண்டு மாதம் செல்லவில்லை. காலையிற் கட்டிலை விட்டிறங்கினால் அவரால் நிலத்திற் கால் ஊன்ற முடியவில்லை. விரல்களைப் பொத்த முடியவில்லை; தேங்காய் துருவுவதும் சட்டைக்குப் பொத்தான் பூட்டுவதும் பெரும் வேலைகளாயின. “தம்பி, வெட்டின நோவையும் பொறுத்துக்கொண்டேன். விடிந்தெழும்புவதை நினைக்கத்தான் பயமாயிருக்கிறது” என்றார். நாம் என்ன செய்தோம்? வீட்டு வேலைகளையெல்லாம் மற்றவர்களுக்குப் பங்கிட்டு, அவரைச் சாய்மனைக் கதிரையில் இருத்தி வைத்தோம். நோவு கூடியதேயன்றிக் குறையவில்லை. ஒருநாள் அவருடைய மருந்துப் பெட்டியைத் திறந்தபோது, மூன்று வாரத்துக் குளிகைகள் உறை பிரியாமற் கிடந்தன. எவருக்கும் சொல்லாமல் நிறுத்திவிட்டிருந்தார்.

அக்குளிகை ஏன் கொடுக்கப்படுகின்றது என்பதை அப்போது அவரும் சரிவர அறிந்திருக்கவில்லை, நாமும் அறிந்திருக்கவில்லை. மார்புப் புற்றுநோய்களிற் பெரும்பாலானவை ஈஸ்திரசன் என்னும் பெண் ஓமோனை உண்டு வளர்வன. ஓமோன் என்ற சொல்லே பிறவாத 1896ஆம் ஆண்டில், ஸ்கொத்லாந்து தேசத்துச் சத்திர வைத்தியரான ஜோர்ஜ் பீற்சன் என்பார், முற்றிய நோயுடைய பெண்ணொருத்தியின் சூலகங்களை அகற்றியமையால் மார்பிலிருந்த கட்டி சுருங்கியதென்று எழுதினார். மாதவிடாய் முற்றாக நின்ற மாதருக்குச் சூலகம் ஈஸ்திரசனைச் சுரப்பது ஓய்ந்துவிடும். ஆயினும் அதிரீனற் சுரப்பியிலிருந்து வரும் மூலப்பொருளை, கொழுப்பு முதலிய இழையங்களிலுள்ள அரோமற்றேஸ் என்னும் நொதியம் ஈஸ்திரசனாக மாற்றிக்கொண்டேயிருக்கும். அந்நொதியத்தின் கையைக் கட்டிவிடுவனவே அனஸ்ரோசோல், லெற்றோசோல், எக்செமெஸ்ரேன் என்னும் மூன்று மருந்துகள். இங்கிலாந்திற் பிறந்து, அமெரிக்காவின் மேரிலாந்து சர்வகலாசாலையிற் பணியாற்றி, 2017இற் காலமான அஞ்சலா புரோடி அம்மையார் இவ்வகை மருந்துகளுக்கு வழி திறந்தவர்களுள் முதன்மையானவர்.

நோய் மீண்டும் தலையெடுக்கும் அபாயத்தை இம்மருந்துகள் கணிசமாகக் குறைக்கின்றன. ஆனால் உடம்பில் எஞ்சியிருந்த சிறிதளவு ஈஸ்திரசனும் அற்றுப்போகவே மூட்டுகள் முறையிடத் தொடங்குகின்றன. விரல்களையும் மணிக்கட்டையும் படம் பிடித்துப் பார்த்த வைத்தியர்கள், தசைநாண்களைச் சூழ்ந்த உறைகள் தடித்து அங்கே நீர் தேங்கியிருத்தலைக் கண்டிருக்கின்றனர். ஆகவே, இது மனப்பிராந்தியுமன்று, வயதின் கோளாறென்று தள்ளத்தக்கதுமன்று. இம்மருந்தை உட்கொள்ளும் மாதரில் ஏறக்குறைய பாதிப்பேர் வரை இந்நோவுக்கு ஆளாகின்றனர். அவர்களுட் பலர் இடைநடுவில் மருந்தைக் கைவிடுகின்றனர் என்பதே நாம் அஞ்சவேண்டிய விடயம். நோவு ஆளைக் கொல்லாது. அதற்கஞ்சி விட்ட மருந்தோ உயிர் காப்பது.

இனி, தேகாப்பியாசத்தின் கதைக்கு வருவோம். அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையைச் சேர்ந்த மெலிண்டா அர்வின் என்னும் பேராசிரியையும் அவருடைய குழுவினரும் 121 பெண்களைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தி, அதன் முடிவை 2015இல் அச்சிற் கொணர்ந்தனர். அப்பெண்கள் எல்லோரும் மேற்சொன்ன மருந்தை உட்கொண்டு மூட்டு நோவால் வருந்தியவர்கள். தேகாப்பியாசப் பழக்கம் இல்லாதவர்கள். திருவுளச்சீட்டுப் போட்டாற்போல அவர்களை இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியார் வழமைபோல இருந்தனர். மற்றப் பகுதியார் ஒரு வருட காலம், வாரத்தில் இரண்டு நாள் பயிற்றுநரின் மேற்பார்வையிற் பாரந் தூக்கும் அப்பியாசங்களைச் செய்தனர். அத்துடன் வாரத்துக்கு 150 நிமிடம் விரைவு நடை முதலியவற்றைத் தாமாகவே செய்யும்படி கேட்கப்பட்டனர். நோவைப் பூச்சியம் முதற் பத்து வரை புள்ளியிட்டு அளந்தார்கள். வருட முடிவில், அப்பியாசம் செய்தவர்களின் மிகக் கடிய நோவு சராசரியாக நூற்றுக்கு 29 வீதம் குறைந்திருந்தது. வாளாவிருந்தவர்களுக்கோ 3 வீதம் கூடியிருந்தது.

இதில் எமக்கு ஆறுதல் தந்தது மற்றொரு செய்தி. அப்பெண்கள் விதித்தபடி முழுவதையும் செய்து முடித்தவர்களல்லர். பயிற்சி வகுப்புகளிற் பத்துக்கு ஏழுக்கே வந்தார்கள். நடையும் சராசரியில் வாரத்துக்கு ஏறத்தாழ 120 நிமிடமே. முக்காற்பங்கு செய்தவர்களுக்கும் பலன் கிடைத்திருக்கின்றது. மாணாக்கரின் வரவு இடாப்பைக் கையாளும் எமக்கு இது வியப்பாகவே இருந்தது.

எனினும் ஒருபக்க வழக்காகப் பேசுதல் முறையன்று. இத்தகைய சிறு ஆராய்ச்சிகள் ஏழினை, ஏறக்குறைய 400 பெண்களின் விபரங்களுடன், கொக்ரேன் நிறுவனத்தார் 2020இல் ஒருங்கே வைத்து எடைபோட்டபோது, அப்பியாசத்தால் நோவு குறையும் என்று உறுதியாகச் சொல்ல அச்சான்றுகள் போதாவென்றே முடிவு கூறினர். அப்படியாயின் ஏன் பரிந்துரைக்கின்றோம்? இம்மருந்துகள் எலும்பையும் ஐதாக்குகின்றன. நடையும் பாரந் தூக்குதலும் எலும்புக்கும் தசைக்கும் இருதயத்துக்கும் உதவுவன. மூட்டு நோவு ஒருவருக்குக் குறையாது போனாலும் அவர் இழப்பது யாதுமில்லை.

“வெட்டின பக்கத்துக் கையாற் கனத்த பொருள் எதையும் தூக்காதே” என்று பல பெண்களுக்குச் சொல்லப்பட்டிருக்கின்றது. அக்குளின் நிணநீர்க் கணுக்களை அகற்றிய பின் கை வீங்கும் என்ற அச்சமே காரணம். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றிலே, அவ்வாறு கை வீங்கியிருந்த 141 பெண்களிற் பாதிப்பேர், மிகச் சிறு பாரத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டித் தூக்கினர். வீக்கம் அதனால் மோசமாகவில்லை. பயிற்றப்பட்டவர் காட்டிக் கொடுக்க, மெல்ல மெல்லக் கூட்டியதே அதன் இரகசியம். முதல் நாளே தண்ணீர்க் குடத்தைத் தூக்கலாம் என்று எவரும் பொருள்கொள்ளற்க.

வீட்டிலே செய்யத்தக்கவை எளியன. முதல் வாரம் பத்து நிமிட நடை போதும். பேசக்கூடியதாகவும் பாட முடியாததாகவும் உள்ள வேகமே தக்க வேகம். வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணித்தியாலம் நடக்கும் நிலைக்கு வரலாம். கையூன்றாமற் கதிரையிலிருந்து எழுந்து மீண்டும் இருத்தல், சுவரில் உள்ளங்கைகளை ஊன்றித் தள்ளுதல், மணல் நிரப்பிய சிறு போத்தலைத் தூக்குதல் ஆகியவற்றை வாரத்தில் இரண்டு நாள் செய்யலாம். காலையில் விறைத்த விரல்களை இளஞ்சூட்டு நீரில் வைத்துப் பொத்தி விரித்தல் நன்று. தொடங்கிய முதற் சில நாட்களிற் சதை நோவு புதிதாகத் தோன்றும். அதைக் கண்டு அஞ்சி விட்டுவிடுவோரே பலர்.

தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டல் வேண்டும். எலும்பு மிக ஐதானவர்களும் இருதய நோயாளரும் அவசியம் கேட்கவேண்டும். ஒரே மூட்டு மாத்திரம் சிவந்து வீங்கினாலோ, ஓரிடத்து எலும்பில் இரவிலும் ஓயாத நோவு இருந்தாலோ, அப்பியாசத்தை நம்பி நாள் கடத்தலாகாது. நோவு பொறுக்க முடியாதாயின் அம்மூன்று மருந்துகளுள் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாற்றவும் வைத்தியர்களால் இயலும். மாற்றிய பின் சுகங் கண்டோர் உளர். எவருக்கும் சொல்லாமல் நிறுத்துவோருக்கு இவ்வழிகள் யாவும் அடைபட்டுப் போகின்றன.

எமது தமக்கையார் வைத்தியரிடம் உண்மையைச் சொல்ல ஒரு வாரம் தயங்கினார். அவர் கோபிக்கவில்லை, மருந்தை மாற்றிக் கொடுத்து, நடக்கவும் சொன்னார். சாய்மனைக் கதிரையை விறாந்தையிலிருந்து அகற்றியவர்கள் நாமே. ஆரம்பத்திற் படலை வரை. பிறகு சந்தி வரை. நான்காம் மாதத்திற் கோயிலைச் சுற்றிவந்து வீடு திரும்பும் தூரம். நோவு முற்றாகப் போய்விட்டதென்று சொல்வதற்கில்லை. மழைக் காலத்து விடியற்காலைகளில் இன்றும் விரல்கள் விறைக்கின்றன. தேங்காயைத் தாமே துருவுகிறார். பாதித் தேங்காய்க்குப் பின் மருமகளிடம் கொடுத்துவிடுகிறார்.

மாலை நடைக்குத் துணையாகச் செல்வது எமது பொறுப்பு. ஐந்து மணியானதும் செருப்பை மாட்டிக்கொண்டு, “தம்பி, இன்னும் கொப்பி திருத்தி முடியவில்லையோ?” என்று வாசலில் நின்று கூப்பிடுகிறார். சந்தியைத் தாண்டியதும் பின்தங்குபவர் நாமே.