ஆராய்ச்சி மாணவருக்காகப் பேசுபவர் யார்?

மகனோ மகளோ பி.எச்.டி. ஆராய்ச்சியில் இருக்கும் வீடுகள் நம் சங்கத்திலும் சில உண்டு. "இன்னுமா படிப்பு முடியவில்லை?" என்று வினவும் உறவினருக்கு விடை கூறியே அப்பெற்றோர் களைத்திருப்பர்.

ஆராய்ச்சி மாணவரின் நிலை விசித்திரமானது. அவர் வகுப்பில் அமரும் மாணவருமல்லர். சம்பளம் பெறும் ஊழியருமல்லர். உதவித்தொகை எந்தத் தேதியில் வரும் என்பது அவருக்கே தெரியாது. ஆய்வேடு நகர்வதற்கு வழிகாட்டிப் பேராசிரியரின் கையொப்பம் வேண்டும். குறையைக் கேட்க வேண்டியவரே சில சமயம் அக்குறைக்குக் காரணமாகவும் இருப்பார். அத்தகைய இடத்தில் தனியொருவர் வாய் திறப்பது எளிதன்று. பலர் சார்பில் பேசும் பிரதிநிதி ஒருவர் வேண்டும்.

ரயில்வே எழுத்தனாகிய எனக்கு இது நன்கு விளங்குகிறது. 1952 முதல் எங்களுக்கு நிலையான பேச்சுவார்த்தை அமைப்பு உண்டு. அங்கீகாரம் பெற்ற சங்கம் எங்கள் குறைகளை நிர்வாகத்தின் முன் வைக்கிறது. நிர்வாகம் அவற்றிற்கு விடை கூறுகிறது. மெட்ரிகுலேஷனோடு நின்ற எனக்குள்ள இவ்வசதி, முதுகலை முடித்த அப்பிள்ளைகளுள் பலருக்கு இல்லையே!

மாணவர் பேரவை இருக்கிறதே எனலாம். லிங்டோ குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-இல் ஏற்றது. அவற்றின்படி, தேர்தலில் நிற்கும் ஆராய்ச்சி மாணவருக்கு வயது வரம்பு 28. முதுகலை முடித்து, நெட் தேர்வும் எழுதி, இடம் பிடித்துச் சேர்வதற்குள்ளேயே 25, 26 ஆகிவிடுகிறது. பல்கலைக்கழகத்தின் நெளிவுசுளிவுகள் புரியும் வேளையில் நிற்கும் தகுதி போய்விடுகிறது. டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 2008-இல் நின்றுபோன தேர்தல், வரம்பு 30 எனத் தளர்த்தப்பட்ட பின்னரே 2012-இல் மீண்டும் நடந்தது.

கூடிப் பேசினால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. நெட் தேர்வின்றிச் சேர்ந்த ஆய்வாளருக்கு மாதம் 8,000 ரூபாய் அளித்துவந்த உதவித்தொகையை நிறுத்த 2015 அக்டோபரில் பல்கலைக்கழக மானியக் குழு முடிவு செய்தது. மாணவர் டெல்லியில் அதன் அலுவலக வாயிலிலேயே அமர்ந்தனர். உதவித்தொகை தொடரும் என அரசு அறிவிக்க நேர்ந்தது.

மானியக் குழுவின் 2023-ஆம் ஆண்டு விதிகள் ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும் என்கின்றன. அதில் மாணவர் பிரதிநிதி ஒருவர் உண்டு. ஆனால் அவர் மாணவர் தேர்ந்தெடுத்தவர் அல்லர். நியமிக்கப்படுபவர், அதுவும் சிறப்பு அழைப்பாளராக! இது குறைதான். எனினும் அக்குழு கூடுமானவரை 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தரவேண்டும். அதில் திருப்தியில்லையேல் 'ஆம்பட்ஸ்பர்சன்' என்னும் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம். உதவித்தொகை நின்றுபோன பிள்ளை வீட்டில் இருந்தால், மனுவை எழுத்தில் கொடுத்து, தேதியிட்ட நகலொன்றை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இயலுமாயின் உடன் ஆராயும் நால்வர் கையொப்பமும் அதில் இருக்கட்டும்.