மின் கட்டணமும் மிச்சக் கணக்கும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார அங்கத்தினர்கள் புதுவகை மின்விசிறி வாங்குமுன், விளம்பரங்கள் கூறும் மிச்சக் கணக்கைச் சற்றே ஆராய்தல் நலம்.

2022 செப்டம்பரில் அமலான விகிதப்படி, இரு மாதங்களில் 500 யூனிட் செலவழித்த வீட்டிற்குக் கட்டணம் ரூ. 1,725 ஆகவும், 501 யூனிட்டிற்கோ ரூ. 1,958 ஆகவும் இருந்தது. அந்த ஒரு யூனிட்டின் விலை அன்று 233 ரூபாய்! 500-ஐத் தாண்டியவுடன், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குரிய ரூ. 2.25 விகிதம் நீங்கி ரூ. 4.50 ஆனதே பெருங்காரணம்.

75 வாட் விசிறிக்குப் பதில் 30 வாட் விசிறி தினம் பத்து மணி நேரம் சுழன்றால், அறுபது நாளில் 27 யூனிட் மிஞ்சும். அந்த 2022 விகிதப்படி, 510 யூனிட் செலவிட்டோருக்கு இதனால் ரூ. 407 மிச்சமானது, 180 யூனிட் வீட்டிற்கோ ரூ. 60.75 தான். வியாபாரி பெரும்பாலும் முந்தைய கணக்கையே காட்டுவார். ஓராண்டின் ஆறு ரசீதுகளையும், சிறப்பாக வேனிற்கால ரசீதை, பார்த்தபின் விலை பேசுக.