பொலிஷ் மெசின் பழுதாகாமல் பேணுவதும், பழுதானால் திருத்துவதும்

தோட்டக் காணியை விட்டு வந்த குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகள் பலர் மண்வெட்டியை விட்டு வேறு கருவிகளைக் கையில் எடுத்திருக்கிறார்கள். சிலர் மேசன் வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஒட்டு வேலை பழகுகிறார்கள். இன்னும் சிலர் வாகனம் கழுவும் இடங்களில் சிலகாலம் நின்று வேலை பழகி, பின்னர் தாமே ஒரு பொலிஷ் மெசினை வாங்கி, வீடு வீடாகச் சென்று கார், வான், முச்சக்கர வண்டி ஆகியவற்றைத் துலக்கிக் கொடுத்து உழைக்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களும் பழைய வாகனத்தையே பேணிவைத்திருக்க வேண்டிய நிலை பலருக்கு. அதனால் இந்தத் தொழிலுக்கும் ஓரளவு இடம் கிடைத்தது.

எமக்குத் தெரிந்த ஒரு தாய் தன் தோட்டை அடகு வைத்து மகனுக்கு இந்த மெசினை வாங்கிக் கொடுத்தார். எட்டு மாதம் நன்றாக ஓடியது. பின்னர் உள்ளே பொறி பறக்கத் தொடங்கியது. “ஓடுதுதானே” என்று பிள்ளை மேலும் பத்து நாள் ஓட்டினான். பதினோராம் நாள் புகை வந்து நின்றுவிட்டது. திருத்தக் கொண்டுபோனபோது, கழற்றிப் பார்த்தவர் சொன்னது: “அம்மா, ஒரு கிழமைக்கு முன்னம் கொண்டந்திருந்தால் ரெண்டு காபனோடை முடிஞ்சிருக்கும். இப்ப ஆமேச்சரே போட்டுது.” ஒரு சோடி காபன் ஒருநாள் கூலிக்குள் அடங்கிவிடும். ஆமேச்சர் அப்படியல்ல, சில மெசின்களில் அதன் விலை புது மெசினின் விலையில் பாதியைத் தொடும். தோடு இன்னும் மீளவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆகவே இந்த மெசினுக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிய கைகளுக்கு இது கடினமான காரியமல்ல. பெற்றோல் இல்லாத தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களும், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்களும் எமது மக்கள்தான்.

மெசினின் நடுவே சுழலும் உருளைதான் ஆமேச்சர். இரும்புத் தகடுகளின் மேல் மெல்லிய செப்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கும். அதன் ஒரு முனையில் சிறு சிறு செப்புத் துண்டுகளால் ஆன வளையம் ஒன்று உண்டு. அந்த வளையத்தை இருபுறமும் தொட்டபடி இரண்டு காபன் கட்டைகள் நிற்கும். பின்னால் சுருள்வில் அவற்றைத் தள்ளிக்கொண்டிருக்கும். சுழலும் கம்பிக்கு மின்சாரம் போவது இந்தக் காபன் வழியாகவே. மறுமுனையில் ஒரு சிறு விசிறி காற்றை இழுத்துக் கம்பியைக் குளிர்விக்கும். விசிறிக்கு அப்பால் தலைப்பகுதியில் இரண்டு பற்சக்கரங்கள் வேகத்தைக் குறைத்து, திசையையும் திருப்பி, தட்டைச் சுழற்றும். கையில் பிடிக்கும் கிறைண்டரும் உள்ளே ஏறத்தாழ இதேதான். ஆனால் நான்கு அங்குலக் கிறைண்டர் நிமிடத்துக்குப் பதினோராயிரம் சுற்று வரை ஓடும்; பொலிஷ் மெசினுக்கு 600 முதல் 3000 சுற்று வரை போதும். மலிவாகக் கிடைக்கிறது என்று கிறைண்டரில் பஞ்சைப் பூட்டிக் காரைத் துலக்கப் போகிறவர்கள் வர்ணத்தை எரித்துவிட்டு, வாகனச் சொந்தக்காரருக்கு நட்டஈடு கொடுக்க நேரிடும்.

மெசினின் முதல் எதிரி சூடு. சூட்டுக்குப் பெரும்பாலும் காரணம் காற்று வழி அடைபடுவது. பொலிஷ் பசை காய்ந்ததும் தூளாகிப் பறக்கும். அது நுண்ணிய அரத்தூள் போன்றது. கம்பளித் தட்டிலிருந்து உதிரும் மயிரும் அதனுடன் சேர்ந்து உள்ளே போய், ஆமேச்சரின் முனைகளில் சுற்றிக்கொள்ளும். காற்றுத் துவாரத்தைக் கையால் மூடிப் பிடித்து வேலை செய்யும் பழக்கமும் சில பிள்ளைகளிடம் உண்டு. அதைக் கண்டால் தட்டிச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் துவாரங்களை உலர்ந்த பழைய பல்தூரிகையால் துடைத்துவிட வேண்டும். கிழமைக்கு ஒருமுறை, காற்றடிக்கும் கடையில் மெசினைச் சுமையில்லாமல் மெதுவாக ஓடவிட்டு, துவாரத்துக்குச் சற்று விலக்கிப் பிடித்துக் காற்று அடித்தால் உள்ளே கிடக்கும் தூள் வெளியேறும். கண்ணுக்குக் கண்ணாடி போட மறக்க வேண்டாம்.

சூட்டுக்கு அடுத்த காரணம் அமுக்குவது. மெசினின் பாரமே ஏறத்தாழப் போதுமானது. அதன்மேல் உடம்பைச் சாய்த்து அமுக்கினால் சுற்று குறையும். சுற்றுக் குறைந்தால் விசிறியின் காற்றும் குறையும். அதே நேரம் கம்பியில் ஓடும் மின்சாரம் கூடும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்து கம்பியின் காப்பு வார்னிஷைக் கருக்கிவிடும். மெசின் கை சுடுமளவுக்குச் சூடேறினால் உடனே நிறுத்திவிடாமல், தட்டைத் தூக்கிப் பிடித்தபடி ஓரிரு நிமிடம் வெறுமனே ஓடவிடுங்கள். விசிறியே அதைக் குளிரச் செய்யும்.

நீட்டு வயர் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வளவுக்குள் நிற்கும் வாகனத்துக்கு அடுத்த வீட்டிலிருந்துகூட வயர் இழுத்து வேலை செய்கிறார்கள். 1200 வாற்று மெசின் 230 வோல்ற்றில் ஐந்து அம்பியருக்குச் சற்று மேல் எடுக்கும். அரை சதுர மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய வயரில் ஐம்பது மீற்றர் இழுத்தால், போகவர நூறு மீற்றர் செம்பு. வழியிலேயே ஏறத்தாழ 18 வோல்ற் போய்விடும். கிராமத்து இணைப்பில் மாலையில் ஏற்கெனவே வோல்ற் இறங்கியிருந்தால் மெசினுக்குக் கிடைப்பது இன்னும் குறைவு. அத்துடன் வயரிலே வீணாகும் சக்தி நூறு வாற்றுக்குக் கிட்ட வரும். வயர் சுருளாகச் சுற்றியபடி இருந்தால், அந்தச் சுருளுக்குள் ஒரு நூறு வாற்று மின்குமிழை எரியவிட்டதற்குச் சமம்! றப்பர் உருகி ஒன்றோடொன்று ஒட்டிய சுருள்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒன்றரை சதுர மில்லிமீற்றர் வயர் வாங்குங்கள். எவ்வளவு நீளம் தேவையென்றாலும் சுருளை முழுவதும் விரித்துவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.

2022இன் நீண்ட மின்வெட்டுக் காலத்தில் பலர் ஜெனரேற்றரில் வேலை செய்யப் பழகினார்கள். ஜெனரேற்றரை முதலில் ஓடவிட்டு, அதன் ஓட்டம் சீரானபின் மெசினைச் செருக வேண்டும். நிறுத்தும்போது முதலில் மெசினைக் கழற்ற வேண்டும். எரிபொருள் தீர்ந்து ஜெனரேற்றர் திணறும்போது வோல்ற் ஏறி இறங்கும். மெசினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இலத்திரனியல் தட்டு அதைத் தாங்காது.

இனிக் காபன். மெசினின் இரு பக்கத்திலும் நாணயம் போன்ற வட்ட மூடிகள் இருந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு அவற்றைத் திருப்பினால் காபன் வெளியே வரும். மூடி இல்லாத மெசினில் பின்பக்க உறையைக் கழற்ற வேண்டும். புதுக் காபன் ஏறத்தாழ ஒன்றரை சென்ரிமீற்றர் நீளமிருக்கும். அது ஐந்து, ஆறு மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டால் மாற்றும் காலம் வந்துவிட்டது. சில காபனில் அதற்கென ஒரு கோடே இருக்கும். ஒன்று கூடவும் ஒன்று குறையவும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். சரியான அளவு கிடைக்காவிட்டால், சற்றுப் பெரிய மெசின் காபனைத் தட்டையான அரத்தாளில் உரசி, கூட்டுக்குள் இறுக்கமின்றி ஓடும்படி செய்துகொள்ளலாம். பழைய ரோச் பற்றரிக்குள் இருக்கும் கரிக்கோலை மட்டும் உரசிப் போட வேண்டாம். அது இந்த வேலைக்கான கரியல்ல. செப்பு வளையத்தைத் தின்றுவிடும். புதுக் காபன் போட்டபின் பத்து நிமிடம் குறைந்த வேகத்தில் சும்மா ஓடவிட்டால், அதன் முகம் வளையத்தின் வளைவுக்கு ஏற்றபடி தேய்ந்து பொருந்தும்.

பொறியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், அலட்சியம் செய்யவும் வேண்டாம். காபனின் ஓரத்தில் சின்ன நீலப் பொறி எப்போதும் இருக்கும். அது மஞ்சளாகிப் பெரிதானால், காபன் தேய்ந்திருக்கிறது அல்லது செப்பு வளையம் அழுக்கேறியிருக்கிறது. பொறி வளையத்தைச் சுற்றி நெருப்பு மாலை போல ஓடினால் ஆமேச்சருக்குள்ளேயே பழுது. அந்தக் கணமே நிறுத்துங்கள். வளையம் மண்ணிறமாக மினுங்குவது நல்ல அடையாளம். கறுத்திருந்தால் மிக மெல்லிய அரத்தாளால் இலேசாகத் துடைத்து, துண்டுகளுக்கு இடையிலுள்ள கோடுகளில் கிடக்கும் தூளை மர ஈர்க்கினால் எடுத்துவிடலாம். எமரித் துணி பாவிக்கக்கூடாது. அதன் துகள் மின்சாரத்தைக் கடத்தி, துண்டுகளை ஒன்றோடொன்று இணைத்துவிடக்கூடும்.

மெசின் ஒரேயடியாகச் செத்துக் கிடந்தால் உடனே மோட்டரைக் கழற்றத் தொடங்காதீர்கள். முதலில் பிளக்கை வேறொரு இடத்தில் செருகிப் பாருங்கள். அடுத்து, வயர் கைபிடிக்குள் நுழையும் இடத்தை அசைத்துப் பாருங்கள். வயரைப் பிடித்துத் தூக்குகிறவர்களின் மெசினில் அந்த இடத்தில்தான் கம்பி உள்ளே முறியும். முறிந்த பகுதியை வெட்டி நீக்கி, மிகுதியை மீண்டும் சுவிச்சில் பூட்டி, வயரை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பையும் மறக்காமல் போட்டால் வேலை முடிந்தது. இடையில் முறுக்கி ரேப் சுற்றுவது திருத்தமல்ல. ஈர நிலத்தில் நின்று செய்யும் தொழில் இது. ரேப் நனைந்தால் உயிருக்கு ஆபத்து. வேலை செய்யும் வீட்டில் ட்ரிப் சுவிச் இருக்கிறதா என்று கேட்டு, அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டே பிளக்கைச் செருகுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

தட்டைக் கழற்றும்போது அச்சைப் பூட்டும் பொத்தானை மெசின் முற்றாக நின்றபின்பே அமத்த வேண்டும். அவசரத்தில் சுழலும்போதே அமத்தினால் ஊசி முறியும், சிலவேளை பற்சக்கரக் கூடும் வெடிக்கும். அந்தக் கூட்டுக்குள் இருக்கும் கிறீஸைத் தினமும் வேலை செய்கிறவர்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. கறுத்த கிறீஸை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, நன்கு காயவிட்டு, புதியதைக் கூட்டின் பாதிக்கு மேற்படாமல் இடவேண்டும். மாட்டுக்குத் தீனி போடுவதுபோல நிறைத்தால் கிறீஸ் சூடேறி மோட்டருக்குள் கசியும். கீச்சென்ற ஒலி வந்தால் பெயாரிங் போய்விட்டது. அதன் விளிம்பில் பொறித்திருக்கும் இலக்கத்தைச் சொல்லி, பெயாரிங் கடையிலேயே அதே அளவை வாங்கலாம்.

தட்டு சுழன்றுகொண்டே அசைந்தாடும் வகை மெசின்களும் வந்துவிட்டன. புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அவை நல்லவை, வர்ணத்தை எளிதில் எரிக்காது. ஆனால் அதன் எதிர்ப்பாரம் குறித்த அளவுத் தட்டுக்கென்றே அமைக்கப்பட்டது. ஆறு அங்குலத் தட்டுக்குரிய மெசினில் ஐந்து அங்குலத்தைப் பூட்டினால் நடுக்கம் கூடி, கையும் பெயாரிங்கும் ஒன்றாகக் கெடும். தட்டின் வெல்குறோ சூட்டில் உருகுவதும் இவற்றில் அதிகம், அதுவும் நடுப்பகுதியில். பஞ்சு சுடும்போது கழற்றி மாற்றி, இரண்டு மூன்று பஞ்சை முறைவைத்துப் பாவியுங்கள்.

மெசின் மழையில் நனைந்தால் ஓடுகிறதா என்று பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். உறையைக் கழற்றி, காற்றோட்டமான நிழலில் இரண்டு நாள் காயவைத்து, மின்காப்பை அளக்கும் கருவி உள்ள ஒருவரிடம் சோதித்த பிறகே பிளக்கைச் செருகலாம்.

இறுதியாக, பாவித்த மெசின் வாங்கப் போகிறவர்களுக்கு. விற்பவர் ஓட்டிக் காட்டும்போது ஒலியை மட்டும் கேட்காமல், காற்றுத் துவாரத்தின் வழியே பொறியைப் பாருங்கள். மூக்கை அருகே கொண்டுபோய்க் கருகிய வார்னிஷ் மணம் வருகிறதா என்று முகருங்கள். வேகச் சில்லைத் திருப்பியும் வேகம் மாறாவிட்டால் இலத்திரனியல் தட்டு பழுது. பிளக்கைக் கழற்றிவிட்டு அச்சைக் கையால் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெயாரிங்கின் விலையையும் கூலியையும் கழித்தே பேசுங்கள். காபனும் உதிரியும் உங்கள் ஊரிலோ அருகிலுள்ள நகரத்திலோ கிடைக்குமா என்று கடையில் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.