நிரம்பிய பீப்பாய் மழையைத் தாங்காது

கிழக்கு லண்டனின் குட்மேய்ஸ் பூங்கா வழியாக மேய்ஸ்புரூக் என்ற சிற்றோடை ஓடுகிறது. தெற்கே மேய்ஸ்புரூக் பூங்காவைத் தாண்டி, பார்க்கிங் (Barking) பக்கம் ரோடிங் ஆற்றோடு கலந்து, தேம்ஸைச் சேர்கிறது. நேர்கோடாக வெட்டிவிட்டிருந்த அதை 2011-ல் மேய்ஸ்புரூக் பூங்காவுக்குள் மறுபடி வளைந்து ஓடவிட்டார்கள். ஆனால் ஓடையின் நலம் மேலேயுள்ள வீடுகளின் குழாய்களில்தான் இருக்கிறது.

நடு லண்டனில் மழைநீருக்கும் கழிவுநீருக்கும் பெரும்பாலும் ஒரே குழாய். பெருமழையில் அது நிரம்பித் தேம்ஸில் கொட்டுவதைத் தடுக்கத்தான் 25 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் வெட்டி, 2025-ல் முழுமையாக இணைத்தார்கள். குட்மேய்ஸ் போன்ற புறநகர்களில் பெரும்பாலும் குழாய் இரண்டு. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். மழைநீர் சுத்திகரிக்கப்படாமல் நேரே ஓடைக்குப் போகும்.

வீட்டின் பின்புறத்தை நீட்டிக் கட்டும்போதுதான் இரண்டும் மாறிப்போகின்றன. வாஷிங் மெஷின் குழாயை மழைநீர் வடிகாலில் செருகிவிட்டால், சோப்பு நீர் அப்படியே ஓடையில் விழும். அடிக்கற்களில் சாம்பல் நிறப் பஞ்சாகப் பாக்டீரியாத் திரள் படிந்திருந்தால், மேலே எங்கோ இப்படியொரு தவறான இணைப்பு இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். மறுபக்கம், கூரைப் பீலியின் குழாய் சமையலறைச் சிங்க் நீர் விழும் வடிகால் தொட்டிக்குள் இறங்கினால், மழைநீர் கழிவுநீர்க் குழாயை அடைத்து நிரப்பும். குழாய் கொள்ளாத நீர் வழிந்து ஓடைக்கே வரும். பீலிக் குழாய் எந்தத் தொட்டியில் இறங்குகிறது என்று ஒருமுறை குனிந்து பாருங்கள்.

50 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். கூரை நீரைப் பிடிக்கக் கடையில் வாங்கும் பீப்பாய் பெரும்பாலும் 200 லிட்டர்தான் கொள்ளும். அதுவும் முந்தைய மழையில் நிரம்பி அப்படியே நின்றால், அடுத்த மழையில் ஒரு சொட்டையும் தாங்காது. யாழ்ப்பாணத்துக் கிணற்றையும் தமிழ்நாட்டுக் கோடையையும் அறிந்த நமக்கு, சேர்த்த நீரைத் திறந்துவிட மனம் வராது. 2003-ல் தமிழ்நாடு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதும் வறட்சிக்கு அஞ்சித்தான். இங்கே வேண்டியது சேமிப்பைவிட, மழைநீர் வடிகாலுக்குப் போவதில் தாமதம். பீப்பாயின் அடியிலுள்ள குழாயைச் சற்றே திறந்து வைத்தால், ஓரிரு நாளில் நீர் பூம்பாத்திக்குள் கசிந்து இறங்கிவிடும். பீப்பாயும் அடுத்த மழைக்குத் தயாராகும். கோடை வறட்சியில் மட்டும் மூடி வையுங்கள்.

பீப்பாயைவிட முன்முற்றம் முக்கியம் என்பேன். காருக்காகக் கல் பதித்து மூடிய முற்றம் மழையை நொடியில் தெருவுக்குத் தள்ளும். 5 சதுர மீட்டருக்கு மேல் நீர் புகாத தளம் போட்டு, நீரை மண்ணிலும் இறங்கவிடாமல் தெருவுக்கு விடுவதானால், 2008 முதல் இங்கிலாந்தில் திட்ட அனுமதி வேண்டும். நீர் உறிஞ்சும் கல்லோ சரளையோ போட்டால் அந்தச் சிக்கலே இல்லை.

மழைநீர் முழுவதும் சொந்த நிலத்திலேயே இறங்கினால், தேம்ஸ் வாட்டர் நிறுவனத்தின் கட்டணத்தில் மழைநீர் வடிகாலுக்கான தொகையைக் கழித்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். நிரம்பி வழிவது வடிகாலுக்கே போகும் பீப்பாய்க்கு அந்தத் தள்ளுபடி கிடைக்காது.